பழைய கம்பியூட்டரை இரும்புக்குப் போடுவதற்கு முன்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் கொடுத்துவந்த வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு திருகோணமலையில் என்னிடம் வருகிற ஆட்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இனி இதை வைச்சிருந்து வேலையில்லை என்ன? வித்தா என்ன குடுப்பாங்கள்?" கேட்பதில் பிழையில்லை. ஆனால் கேட்கும்போதே மெஷின் ஓட்டோவில் ஏறியிருக்கும், சிலர் பழைய இரும்புக்காரரோடு விலையும் பேசி முடித்துவிட்டு வந்திருப்பார்கள். கம்பியூட்டர் திருத்துவதையே தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு விலையைப் பற்றிக் கவலையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் அந்தப் பெட்டி வீட்டைவிட்டுப் போகிறதே, அதுதான் கவலை.

முதலில், அது உண்மையிலேயே முடிந்துபோன மெஷின்தானா? அப்டேட் நின்றால் கம்பியூட்டர் நின்றுவிடாது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசமும் இல்லை. அதனால் அப்படியான மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பும் மைக்ரோசொப்ட் கொடுத்தது, இது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புரொசெசராவது வேண்டும். 2017 க்கு முன் வாங்கிய மெஷின்கள் பெரும்பாலும் இதில் விழுந்துவிடும். நன்றாக ஓடுகிற ஒரு சாமானை இப்படி ஒரு நிபந்தனையால் ஒதுக்கிவைப்பது சரியென்று எனக்குப் படவில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றும் கொஞ்சம் ரேமும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டால், கடிதம் அடிக்க, பிள்ளை படிக்க, யூடியூப் பார்க்க இன்னும் சில வருடம் தாராளமாகப் போகும். தமிழில் அடிப்பதும் அதில் பிரச்சினையில்லாமல் வேலை செய்கிறது.

"செத்துப்போச்சு" என்று வருகிற மெஷின்களில் கணிசமானவை சாகவில்லை. இதற்கு நம்முடைய ஊரும் ஒரு காரணம். டைக் வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்புக் காற்று உள்ளே போய், ரேம் செருகுகிற இடம், கேபிள் முனை எல்லாம் அழுக்கும் பாசியும் பிடித்திருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குள் பாவிக்காமல் மூடிவைத்த மெஷின் தையில் ஓன் ஆகாது. ரேமைக் கழற்றி அதன் பொன்நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டாலே பாதி கேஸ் முடிந்துவிடும். இன்னொன்று, மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, மூன்று வோல்ட். அது இறங்கினால் கம்பியூட்டரின் திகதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழையென்றால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் நம்பாது, எதைத் திறந்தாலும் சிவப்பு எச்சரிக்கைதான் வரும். வீட்டுக்காரர் வைரஸ் என்று நினைப்பார், அல்லது நெட் காரரோடு சண்டை பிடிப்பார். சில நூறு ரூபாய்ப் பேட்டரி ஒன்றுதான் தேவை. பிழை பார்க்க வருகிறவர் அந்தப் பேட்டரியைப் பார்க்காமல் "மதர்போர்ட் போயிட்டுது, புதுசு வாங்குங்க" என்று சொன்னால், இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

சரி, மெஷின் உண்மையிலேயே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க் போகவில்லை. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது. பவர் சப்ளை எரியலாம், மதர்போர்ட் எரியலாம், படமும் ஃபைலும் இருக்கிற டிஸ்க் வேறு ஒரு சாமான், அதைத் தனியாகக் கழற்றி யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் கொழுவினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

இது ஏன் நமக்கு இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மாவட்டத்துக் குடும்பங்களில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் குறைவு. 1990 இடப்பெயர்வில் போனது, 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனது, 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் விட்டுவிட்டு வந்தது. அதற்குப் பிறகு சின்ன டிஜிட்டல் கமரா வந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த மாமா ஒன்று கொண்டுவந்து கொடுத்திருப்பார். அந்தக் காலத்துப் படங்களை யாரும் கழுவி எடுக்கவில்லை, அப்போது கூகுளில் ஏற்றுகிற பழக்கமும் இல்லை. வீட்டுக் கம்பியூட்டரில் கொட்டிவிட்டு மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த படம் எடுத்தோம். ஆல்பத்துக்கும் போனுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பத்து வருடம் வேறெங்கும் இல்லை, மேசைக்குக் கீழே தூசு படிந்து கிடக்கிற அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் உரப்பைக்குள் சுற்றி ஒரு டவரைக் கொண்டுவந்தார். மகன் வெளியில், "அதைத் தூக்கி எறியுங்கோ அம்மா" என்று போனில் சொல்லிவிட்டாராம். மதர்போர்டில் கப்பாசிட்டர் நாலைந்து வீங்கி வெடித்திருந்தது, அதைத் திருத்தப் போனால் செலவு மெஷினின் பெறுமதியைத் தாண்டும். டிஸ்கைக் கழற்றிப் பார்ப்போமா அம்மா என்று கேட்டேன். "பாருங்கோ தம்பி, அதுக்குள்ள ஒண்டும் இராது" என்றார். பெயர் வைக்காத ஃபோல்டருக்குள் இன்னொரு பெயர் வைக்காத ஃபோல்டர், அதற்குள் 2007 திகதி போட்ட படங்கள். கோணேசர் கோவில் வாசலில் அவருடைய கணவர் நிற்கிறார், கையில் அர்ச்சனைத் தட்டு, கண்ணை வெயிலுக்குச் சுருக்கிக்கொண்டு. அவர் இறந்து சில வருடமாகிவிட்டது, வீட்டில் மாட்டியிருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒன்றாம். அம்மா அடுத்த படம், அடுத்த படம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இந்தச் சால்வை நான்தான் வாங்கிக் குடுத்தது" என்றார். அன்றைக்கு அவர் அந்தப் பெட்டியை நேராக இரும்புக்குக் கொடுத்திருந்தால் கிலோக் கணக்கில் என்ன கிடைத்திருக்கும்?

ஆகவே டிஸ்கை முதலில் பாருங்கள். ஒன்று சொல்லவேண்டும்: ஓன் செய்தவுடன் டிஸ்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை நிப்பாட்டுங்கள். திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் உள்ளே தட்டைப் படிக்கிற முனை அந்தத் தட்டையே கீறிவிடும், அதற்குப் பிறகு யாராலும் மீட்க முடியாது. நல்ல டிஸ்க் என்றால் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், அதோடு இணையத்தில் ஒன்று, அல்லது வேறு ஊரில் இருக்கிற சகோதரத்தின் வீட்டில் ஒன்று. ஒரே அலுமாரிக்குள் இரண்டு பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான். கலியாண வீட்டு சிடி, டிவிடி இருந்தால் அதையும் இப்போதே ஏற்றிவிடுங்கள், வீட்டில் எழுதுகிற டிஸ்குகளின் சாயம் நாட்பட மங்கும், நமது வெக்கையும் ஈரமும் அதைச் சீக்கிரமாக்கும்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் அப்புறம் அழிப்பது. இங்கேதான் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள். டிலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போகாது. அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் கணினி நீக்குகிறது, ஃபைல் இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். டிஸ்கைச் சட்டென்று காலியாக்கிக் காட்டுகிற குவிக் போர்மட்டும் அதே கதைதான். இலவசமாகக் கிடைக்கிற மீட்பு மென்பொருளை வைத்து ஓ.எல். படிக்கிற பிள்ளைகூட அதை எடுத்துவிடும். விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன் என்பதும் காப்பாற்றாது, டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் கொழுவினால் அந்தப் பாஸ்வேர்டை யாரும் கேட்கப்போவதில்லை. விற்கிற மெஷின் என்றால் ரீசெட் செய்யும்போது முழுதும் துடைக்கிற தெரிவைப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் குவிக் இல்லாத முழு போர்மட், விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் அது டிஸ்க் முழுக்கப் பூச்சியத்தை எழுதும், மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். எஸ்எஸ்டி வேறு வகை, அதற்கு அதன் கம்பனி கொடுக்கிற அழிப்பு மென்பொருள்தான் நல்லது. இரும்புக்குப் போகிற டிஸ்க் என்றால் தட்டுகளை ஊடுருவி ட்ரில் போட்டு ஓட்டை போடுங்கள். லெப்டொப் டிஸ்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடி, உடையும்போது தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பெண்பிள்ளைகளின் படம் இருந்த டிஸ்க் கைமாறி, யாரோ ஒருவன் அதை மீட்டு, பிறகு அந்தக் குடும்பத்துக்கு வட்ஸ்அப்பில் மிரட்டல் வந்த கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தத் தகப்பனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கேலி, கவுரவம் என்று பயந்து பொலிஸுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மிரட்டுகிறவன் காசு வாங்கிவிட்டு நிறுத்துவதில்லை.

இந்த இடத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிற அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் நேரடியாகவே சொல்கிறேன். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் ஸ்கேனரில்தான் போகிறது. கிராம சேவகர் கேட்டார், பிரதேச செயலகம் கேட்டது, ஒன்லைனில் போடவேண்டும் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிரதிகள் டெஸ்க்டொப்பில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. மெஷினை மாற்றும்போது அப்படியே விற்கப்படுகின்றன. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். வேலை முடிந்ததும் அவர்களுக்கு முன்னாலேயே அழியுங்கள், மெஷினைக் கொடுக்கும்போது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களும் "அழிச்சிட்டீங்களா?" என்று கேட்கப் பழகவேண்டும். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பழைய மெஷினைக் கொடுப்பதைவிட வீட்டுப் பிள்ளைக்கு வைத்துக்கொடுங்கள் என்பதும் என் எண்ணம். 2020 இல் பள்ளிக்கூடம் மூடியபோது நமது பிள்ளைகள் போனில் படித்துப் பழகினார்கள், அதற்குப் பிறகு போன்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. ஏ.எல். முடித்த பிள்ளை ஒன்று, தான் சேமித்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் போனது என்று தெரியாமல் தடுமாறுவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற இடத்தில் இது அடிக்கிறது. பிள்ளையில் பிழையில்லை, வீட்டில் விசைப்பலகை இல்லை.

எறியத்தான் வேண்டும் என்றால், பெட்டி மாதிரிப் பெரிய பழைய டிவி வகை மொனிட்டரை உடைக்க விடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே மின்சாரமும் தங்கியிருக்கும். கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிற புகை நஞ்சு. மின்னணுக் கழிவைச் சேகரிக்க அனுமதி பெற்றவர்கள் யார் என்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் விசாரித்துக் கொடுங்கள். வீங்கிய லெப்டொப் பேட்டரியைச் சார்ஜில் போடவும் வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

கடைசியாக, கோவில் நிர்வாக சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், அச்சகம் என்று பழைய கம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும். உங்கள் கூட்ட அறிக்கைகளும் உறுப்பினர் பட்டியலும் பாமினியில் அடிக்கப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டுகிற எழுத்துரு. அது இல்லாத புது மெஷினில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல்தான் தெரியும். "ஃபைல் பழுதாப்போச்சு" என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். பழுதாகவில்லை. பழைய மெஷினின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினியைப் பிரதி எடுங்கள், எழுத்துரு மாற்றுகிற மென்பொருள் ஒன்றின் மூலம் ஆவணங்களை, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், மாற்றியபின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒருவர் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதோடு மூலத்தைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்துவையுங்கள். கும்பாபிஷேக மலரும் பாடசாலை நூற்றாண்டு மலரும் இதைவிடச் சிக்கல். அவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்தவை, அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001 இல். பின்னர் வந்த இன்டிசைனில் சிஎஸ்6 வரைதான் அந்த ஃபைல்களைத் திறக்கலாம், இன்றைய பதிப்புகள் திறக்காது. பேஜ்மேக்கர் ஓடுகிற ஒரு பழைய மெஷின் உங்கள் சபையிலோ அச்சகத்திலோ மிச்சம் இருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்கி முடிக்கும்வரை அதை எவருக்கும் கொடுக்காதீர்கள். நெட் வயரை மட்டும் கழற்றிவிட்டு, உப்புக் காற்றுப் படாத அறையில் வைத்து, மாதத்துக்கு ஒருக்கா ஓன் செய்யுங்கள்.