அமபியானோ: பெயர்ச்சொல், அதுவும் பன்மை

ஜிம்பாப்வேயின் முட்டாரே ஊர்க்காரி ஷா ஷாவைப் பற்றித் தேடினால் ‘அமபியானோ பாடகி’ என்றுதான் முதலில் வரும். 2019-இல் ‘பிளாசம்’ என்ற குறுந்தொகுப்பு, அடுத்த வருடமே அமெரிக்காவின் பெட் (BET) விருதுகளில் சிறந்த புதிய பன்னாட்டுக் கலைஞர் விருது. சரி, அது என்ன அமபியானோ? தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு நடன இசை வகை. முதலில் பெயரைப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் ‘அம’ என்பது ஒரு வகைப் பெயர்ச்சொற்களுக்கு வரும் பன்மை முன்னொட்டு. நாம் ‘கள்’ளைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். இகாண்டா ஒரு முட்டை, அமகாண்டா பல முட்டைகள். அதேபோல அமபியானோ என்றால் பியானோக்கள், அவ்வளவுதான். ஷா ஷாவின் ஷோனா மொழியிலும் இதே ஒட்டு ‘ம’ என்று இருக்கிறது (ஜாய், மஜாய், அங்கேயும் முட்டைதான்), ஆகவே இந்தப் பெயர் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

பியானோ இத்தாலியச் சொல். ‘மெல்ல’ என்று பொருள். மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிகிற கருவி என்பதால் பியானோஃபோர்ட்டே என்று பெயர் வைத்து, பாதியை விழுங்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த இசையில் பெரும்பாலும் நிஜப் பியானோவே கிடையாது. 2010-களில் ஜொகானஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்களில் (நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய புறநகர்க் குடியிருப்புகள்) பையன்கள் கணினியிலேயே ஜாஸ் சாயலில் கீபோர்டு இசையைச் சேர்த்து, டீப் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையையும் குவைட்டோ என்ற உள்ளூர் டவுன்ஷிப் இசையையும் கலந்து, வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் சுற்றவிட்டது இது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 112 தாள அடி. ஹவுஸ் இசையைவிடக் கொஞ்சம் நிதானம். அடியில் ‘லாக் டிரம்’ என்று ஒன்று குமுறும். பெயர்தான் டிரம், உண்மையில் மென்பொருளில் இருந்து வரும் தாழ்ந்த பேஸ் (bass) ஒலி. எந்த டவுன்ஷிப்பில் முதலில் பிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ரசிகர்கள் செல்லமாக ‘யானோஸ்’ என்பார்கள். கெல்வின் மோமோ மாதிரி இசைத் தயாரிப்பாளர்கள் செய்யும் மெதுவான, உருக்கமான வகைக்கு ‘பிரைவேட் ஸ்கூல்’ என்று கிண்டலும் பெருமையும் கலந்த பெயர்.

தமிழில் எப்படி எழுதுவது? பியானோவுக்குக் கின்னரப்பெட்டி என்று ஒரு சொல் இருக்கிறது. அதை வைத்து ‘கின்னரப்பெட்டிகள்’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் விளங்காது. ரெகேயை ரெகே என்று எழுதுவதுபோல இதையும் அமபியானோ என்றே எழுதலாம். ‘அமா’ என்று நீட்ட வேண்டாம், ஜூலுவில் அங்கே குறில்தான். ‘அமபியானோக்கள்’ என்று எழுதினால் பன்மைக்குப் பன்மை.

ஷா ஷாவின் பாட்டை விவரிக்கும்போது தமிழ் தாராளமாகக் கைகொடுக்கும். எலக்ட்ரானிக்குக்கு மின்னணு இசை. அவர் பாட்டில் இருக்கும் சோல் (soul) என்பதுதான் இடறும். ‘ஆன்ம இசை’ என்றால் பஜனை மடம் ஞாபகம் வருகிறது. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்து, காதலையும் பிரிவையும் பாடப் போன இசை அது. எனக்கு ‘உருக்கிசை’ பிடித்திருக்கிறது. அப்படியானால் ஷா ஷா பாடுவது மின்னணுத் தாளத்தில் உருக்கிசை, வகைப் பெயர் அமபியானோ.