ரெசல்யூஷன்: தெளிவா, பிரிவா?

பெங்களூர் சுல்தான்பேட்டையில் பத்திரிகை அடிக்கப் போயிருந்தோம். மாமாவின் அறுபதாம் கல்யாணம். வாட்ஸாப்பில் வந்த அவருடைய பழைய படத்தைக் கணினியில் திறந்த பையன், "ரெசல்யூஷன் கம்மி இதெ, சார்" என்று கன்னடத்தில் சொன்னான். 'கம்மி' அத்தைக்குப் புரிந்துவிட்டது, அது நம்ம ஊர்ச் சொல்லும்தானே. முன்னால் வந்த சொல்தான் புரியவில்லை. "தெளிவு பத்தலையாம்" என்றேன். "மொகம் நல்லாத்தானே தெரியுது?" என்றார். அத்தை கேட்டது நியாயம். நான் சொன்ன பொருள்தான் தப்பு.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'சொல்வெரே' என்றால் அவிழ்ப்பது, தளர்த்துவது. ஒட்டிக்கிடப்பதைப் பிரித்தெடுப்பதுதான் ஆதிப் பொருள். சிக்கலை அவிழ்த்தால் தீர்வு, கூட்டத்தில் பேசி முடித்தால் தீர்மானம் என்று அது கிளைவிட்டது. ஒளியியலில் ஆதிப் பொருள் அப்படியே நின்றது: நெருங்கியிருக்கும் இரண்டு விண்மீன்களை ஒன்றாகக் குழப்பாமல் இரண்டாகக் காட்டும் திறன். அதற்கு 1879இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு ஓர் அளவுகோலே வகுத்தார்.

தமிழில் தெளிதிறன், பிரிதிறன் இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு பிரிதிறனுக்கு. கணினிப் படத்தில் ரெசல்யூஷன் என்றால் புள்ளிகளின் எண்ணிக்கை. கை நடுங்கி எடுத்த படத்தில் எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தாலும் அது மங்கல்தான். புள்ளி எண்ணிக்கை வேறு, தெளிவு வேறு.

அச்சில் இந்தத் திறனை அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடுகிறார்கள். அதுதான் டிபிஐ. (படத்தில் இருப்பது பிக்சல், தாளில் விழுவதுதான் புள்ளி என்று நுணுக்கமாகப் பிரிப்பவர்கள் உண்டு. கடையில் யாரும் பிரிப்பதில்லை.) நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பார்கள். ஆஃப்செட் அச்சில் அங்குலத்துக்கு 150 வரிசை வலைப்புள்ளி (படத்தைத் தாளில் காட்டும் நுண்ணிய மைப்புள்ளி) வைத்து, வரிசைக்கு இரண்டு பிக்சல் என்று பெருக்கி வந்த கணக்கு அது. 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலத்தில் 300. அதையே 12 அங்குலத்துக்கு இழுத்தால் வெறும் 100, படம் உடையும். அப்புறம் மென்பொருளில் 300 என்று தட்டினால்? இல்லாத பிக்சலை அது ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான். தூரத்தில் நின்று பார்க்கிற ஃபிளெக்ஸ் பேனருக்கு 100கூடப் போதும்.

எழுத்தின் கதை வேறு. எழுத்துரு என்பது கோட்டுருவம், புள்ளிகளால் அல்லாமல் கோடுகளால் வரையப்படுவது, எவ்வளவு பெருக்கினாலும் உடையாது. ஆனால் பத்திரிகை முழுவதையும் ஜேபெக் படமாக்கிக் கொடுத்தால் எழுத்தும் புள்ளியாகிவிடும். சின்ன அளவில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்துருவைப் பொதிந்த பிடிஎஃப் கொடுப்பதே நல்லது. சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை மட்டும் வையுங்கள். வண்ண அச்சின் நாலு மையையும் கலந்து கறுப்பாக்கினால், ஒன்று துளி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

மறுநாள் அத்தை பெட்டியிலிருந்து மூலப்படத்தை எடுத்து வந்தார். அகலம் 2 அங்குலம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ததும் 1200 பிக்சல், பத்திரிகைக்கு 4 அங்குலம் தாராளம். திரையில் குனிந்து பார்த்தவர், "அதுல மீசை ஒரே பட்டையா இருந்துச்சு. இதுல முடி தனித்தனியாத் தெரியுதே" என்றார்.