300 பிக்சல் பெட்டி 350 ஆவது எப்படி?

தலைப்பு, பத்தி, படம், பொத்தான் என்று இணையப் பக்கத்தில் எதை வைத்தாலும் உலாவிக்கு அது ஒரு செவ்வகப் பெட்டிதான். வட்டமாகத் தெரியும் பொத்தானும் மூலைகள் வளைக்கப்பட்ட செவ்வகமே. எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்பதைப் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல் சொல்கிறது. அது எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்பதெல்லாம் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் வேலை. புதிதாகக் கற்பவர்கள் நிறத்திலும் எழுத்துருவிலும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். முதலில் பிடிக்க வேண்டியது பெட்டிக் கணக்கை.

பெட்டியின் நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றிப் பேடிங் எனும் உள் இடைவெளி, அடுத்து பார்டர் எனும் ஓரக்கோடு, எல்லாவற்றுக்கும் வெளியே மார்ஜின் எனும் வெளி இடைவெளி. பின்னணி நிறம் பேடிங்கிலும் பரவும், மார்ஜினில் பரவாது. பொத்தானின் அழுத்தும் பரப்பு பெரிதாக வேண்டுமானால் பேடிங்கைக் கூட்டுங்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து விலக வேண்டுமானால் மார்ஜினை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். அகலம் 300 பிக்சல், பேடிங் 20, பார்டர் 5 என்று எழுதுகிறீர்கள். திரையில் வருவது 350. ஏனென்றால் 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்திலிருந்தே அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டும்தான். பேடிங் இரு பக்கமும் சேர்த்து 40, பார்டர் 10 அதன்மேல் ஏறுகிறது. பெட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கும் ஃப்ளோட் பண்பைக் கொடுத்து, தலா 50 விழுக்காடு அகலத்தில் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துப் பேடிங் சேர்த்தால் இரண்டாவது கீழே இறங்கிவிடுவதும் இதனால்தான். மருந்து ஒரே வரி: எல்லா உறுப்புகளுக்கும், அதாவது பெட்டிகளுக்கும், பாக்ஸ் சைஸிங் பண்பை பார்டர் பாக்ஸ் (box-sizing: border-box) என்று வையுங்கள். அதன்பின் 300 என்றால் பார்டர் உட்பட 300தான். எந்தப் புதிய பக்கத்தைத் தொடங்கினாலும் சிஎஸ்எஸ் கோப்பின் தலையில் இந்த வரி இருக்கட்டும்.

மார்ஜின் இன்னொரு விதத்தில் குழப்பும். மேல் பத்திக்குக் கீழ் மார்ஜின் 30, அடுத்த பத்திக்கு மேல் மார்ஜின் 20 என்றால் இடைவெளி 50 அல்ல, 30. மேலும் கீழுமாக ஒட்டும் மார்ஜின்களில் பெரியது மட்டும் நிற்கும். பக்கவாட்டில் இப்படி நடக்காது. பெட்டிகளை வரிசையாகவோ கட்டங்களாகவோ அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் அமைப்புகளுக்குள் அடுக்கிய பெட்டிகளுக்கு இடையிலும் நடக்காது.

கணக்கு எங்கே தவறியது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12 அழுத்தி, வரும் டெவலப்பர் கருவியில் சந்தேகப்படும் உறுப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்ளடக்கம் நீலத்திலும் பேடிங் பச்சையிலும் மார்ஜின் ஆரஞ்சிலும் தெரியும், ஒவ்வொன்றின் அளவோடும். பக்கத்தின் விளிம்பில் நீங்கள் கேட்காத 8 பிக்சல் இடைவெளி இருந்தால், அது பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடி உறுப்புக்கு உலாவியே தரும் மார்ஜின், பூஜ்யமாக்கினால் போய்விடும்.

கணினியில் சரியாக இருக்கும் பக்கம் கைபேசியில் எறும்பெழுத்தாகச் சுருங்கினால் பெட்டிகளைக் குறை சொல்லாதீர்கள். எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஹெட் பகுதியில், பக்கத்தை எந்த அகலத்துக்கு அடுக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி பக்கத்தைப் பொதுவாக 980 பிக்சல் அகலத்துக்கு அடுக்கி, பிறகு திரைக்குள் சுருக்குகிறது. அந்த வரியில் அகலத்தை டிவைஸ் விட்த் (device-width) என்று கொடுத்தால் பெட்டிகள் கைபேசியின் அகலத்துக்கே அடுக்கப்படும்.