பாட் ரேட்: பாட்டும் இல்லை, பாடும் இல்லை

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக் கொழுந்துக்கு எடைச் சீட்டு அடிக்க ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரும், பிட்களை ஒவ்வொன்றாக வாங்கி (அதுதான் சீரியல்) ஊசிகளால் புள்ளி குத்தி எழுதும் சீரியல் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் இன்னும் ஓடுகின்றன. "அண்ணே, கிலோ வர்ற இடத்துல கோலம் கோலமா என்னமோ வருது" என்று அங்கே கணக்கு எழுதும் தம்பி போன் செய்தான்.

லைன் ஃபீட் பட்டனை அழுத்தியபடி பிரின்டரை ஆன் செய்தேன். சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்தது. சரி, பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்துக்குக் கனெக்டர் பின்னில் களிம்பு ஏறும், துடைத்தும் பலனில்லை. கடைசியில் பார்த்தால் பிரின்டரின் வேகத்தை அமைக்கும் குட்டிச் சுவிட்ச் (டிப் சுவிட்ச்) 1200இல், கம்ப்யூட்டர் அனுப்பும் வேகம் 9600இல். யாரோ நோண்டியிருக்கிறார்கள். சுவிட்சை மாற்றி, பிரின்டரை அணைத்துப் போட்டதும் எண்கள் எண்களாக வந்தன. "பாட் ரேட் தப்பு" என்றேன். "பாட்டா?" என்றான்.

பாட்டு இல்லை, ஓர் ஆளின் பெயர். எமில் போதோ (1845–1903) பிரெஞ்சுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். ஐந்து துடிப்புகளின் கூட்டால் ஓர் எழுத்தைக் குறிக்கும் முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். ஐந்து கட்டைகள் கொண்ட விசைப்பலகையில், இயந்திரம் தரும் தாளம் தப்பாமல் தட்ட வேண்டும். தாளம் தப்பினால் மறுமுனையில் உளறல்தான். குன்னூரில் நடந்ததும் அதேதான். Baudot என்ற அவர் பெயரின் முன்பாதியான Baud, அதாவது பாட், அலகாயிற்று. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. தந்திக்காரரின் பெயர் மட்டும் பிரின்டர் கேபிளில் உயிரோடு இருக்கிறது.

ஒரு நொடியில் கம்பியில் எத்தனை குறிகள் (மின் சைகைகள்) போகின்றன என்பதே பாட். பலரும் இதை நொடிக்கு இத்தனை பிட் (0 அல்லது 1) என்றே எழுதிவிடுகிறார்கள். சீரியல் கேபிளில் ஒரு குறிக்கு ஒரு பிட் என்பதால் தப்பு வெளியே தெரியாது. டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கும் மோடத்தில் தெரிந்துவிடும்: நொடிக்கு 2400 பிட் அனுப்பும் பழைய மோடம் கம்பியில் 600 பாட்தான், ஒவ்வொரு குறியும் நான்கு பிட் சுமந்தது.

அப்புறம் இன்னொரு கணக்கு. ஓர் எழுத்துக்கு எட்டு பிட், முன்னால் தொடக்க பிட், பின்னால் நிறுத்த பிட், ஆகப் பத்து. 9600 பாட் என்றால் நொடிக்கு 960 எழுத்து. டாட் மேட்ரிக்ஸின் ஊசிகள் அவ்வளவு வேகத்தில் குத்தாது. அதனால் எழுத்து சரியாக வந்து, நடுவில் வரிகள் மட்டும் காணாமல் போனால் பாட் ரேட்டைத் திட்டாதீர்கள். "போதும், நிறுத்து" என்று பிரின்டர் சொல்லும் சைகை கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை, கேபிளைப் பாருங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? வாட், வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஆள் பெயர்கள். அவற்றை நாம் மொழிபெயர்ப்பதில்லை. பாட் அப்படியே இருக்கட்டும், ரேட் மட்டும் வீதமாகட்டும்: பாட் வீதம். பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் குறி வீதம் என்பேன். 'தரவு வேகம்' என்றால் மேலே சொன்ன குழப்பத்தை நாமே தமிழுக்குள் அழைத்து வருகிறோம்.

தம்பி அன்றே பிரின்டர் முதுகில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டான்: "பாட் வீதம் 9600. கை வைக்காதே."