அடக்கமா, அடக்கம் செய்வதா?

"ரெப்ரெஸ் என்றால் என்ன மிஸ்?" என்று கேட்டார் அந்த அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. சற்று முன்புதான் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருந்தார்: அப்பா இறந்து எட்டு மாதமாகிறது, அம்மா ஒரு நாள்கூட அழவில்லை, எல்லாவற்றையும் ரெப்ரெஸ் செய்கிறார். நான் யோசிக்காமல் "அடக்குதல்" என்று மொழிபெயர்த்தேன். அம்மாவின் முகம் தெளிந்தது. "அடக்கம்தானே? அது நல்லதுதானே!"

பல ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கும் எனக்கு அன்று வெட்கமாகிவிட்டது. மகள் வைத்த குற்றச்சாட்டை நான் பாராட்டாக மாற்றிக் கொடுத்திருந்தேன். (இங்கே வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் மனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், பெற்றோர் தமிழில் உணர்கிறார்கள். நடுவில் நிற்கிற சொற்களில் அதிகம் குழப்புபவை சப்ரெஸ், ரெப்ரெஸ் என்ற இரண்டும்தான். இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர், அழுத்துதல் என்று பொருள். சப்ரெஸ் என்பது கீழே அழுத்துவது, ரெப்ரெஸ் என்பது பின்னுக்குத் தள்ளி அழுத்துவது. அரசியல் செய்திகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். கிளர்ச்சியை இரண்டாலும் அடக்கலாம். வறட்டு இருமலுக்குத் தரும் மருந்துக்கு மட்டும் சப்ரெசன்ட் என்றுதான் பெயர். இருமல் இருப்பது மருத்துவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இரவு தூங்குவதற்காக அதைச் சற்று நிறுத்தி வைக்கிறோம்.

உளவியலில் சப்ரெஷன் என்பதும் அப்படித்தான். கோபமோ துக்கமோ இருப்பது தெரிந்தே, இப்போது வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பது. ரெப்ரெஷன் வேறு. அங்கே ஒதுக்கியதே ஒதுக்கியவருக்குத் தெரியாது. 1915இல் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லுக்கு நெருக்கித் தள்ளி வெளியேற்றுவது என்ற சாயல் உண்டு. நெரிசலான எம்ஆர்டி ரயிலில் கதவு மூடும் நேரத்தில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு, அப்படி ஒருவர் இருந்ததையே மறந்துவிடுவதைப் போல என்று நான் வகுப்புகளில் சொல்வதுண்டு. ஃபிராய்டின் தொடக்ககால எழுத்துகளில் இந்தக் கோடு இவ்வளவு கறாராக இல்லை. குழப்பத்துக்கு நாம் மட்டும் பொறுப்பல்ல.

தமிழில் என் தடுமாற்றத்துக்குக் காரணமான சொல்லே விடையையும் வைத்திருந்தது. அடக்கம் என்றால் தன்னைக் கட்டுக்குள் வைப்பது. உடலை மண்ணில் இடுவதையும் அடக்கம் செய்தல் என்றுதான் சொல்கிறோம். முதலாவது சப்ரெஷனுக்கு நெருக்கம், இரண்டாவது ரெப்ரெஷனுக்கு. ஒரு வேறுபாடு உண்டு: புதைத்த இடம் உறவினர்களுக்குத் தெரியும். ரெப்ரெஷனில் அந்த இடத்தில் புல் முளைத்திருக்கும், புதைத்தவரே அதன்மேல் நடந்து போவார்.

அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டேன், அழுகை வருவதே இல்லையா என்று. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருக்கிறார், அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர். "வரும் மிஸ். கடை மூடிப் பாத்திரம் கழுவும்போது குழாயை நன்றாகத் திறந்துவிடுவேன். பத்து நிமிடம்." மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதமாக அவருக்குத் தெரியாத பத்து நிமிடம் அது.

இது ரெப்ரெஷன் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலண்ட், மனத்தின் தற்காப்பு முறைகளைத் தரம் பிரித்தபோது, சப்ரெஷனை நகைச்சுவையோடும் பிறர்நலத்தோடும் சேர்த்து முதிர்ந்த முறைகளின் வரிசையில் வைத்தார். ரெப்ரெஷனுக்கு அதற்குக் கீழேதான் இடம். மகள் கைப்பேசியில் படித்திருந்த குறிப்புகளில் இந்தப் பகுதி இல்லை. அழாதவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்கிற அந்தக் குட்டிக் காணொளிகள்மீது எனக்குக் கோபம் உண்டு. அதை இங்கே அடக்கிக்கொள்கிறேன்.

ஆனால் சப்ரெஷனுக்கும் விலை உண்டு. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் பாட்டிகள் சொல்லிச் சிரித்ததை, 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முகத்தில் காட்டாமல் மறைப்பதைப் பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் செய்த ஆய்வுகளும் இதையொட்டியவைதான்: வெளியே மறைத்தால் உள்ளே துயரம் குறைவதில்லை, உடல்தான் கூடுதலாக உழைக்கிறது.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வந்த ஒரு தம்பி நினைவுக்கு வருகிறார். நெஞ்சில் இறுக்கம் என்று போய், மருத்துவர் எல்லாம் சோதித்துப் பார்த்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு என்னிடம் வந்தார். ஊரில் கடன், தங்கையின் திருமணம். தினமும் இரவு ஒன்பது மணிக்குக் காணொளி அழைப்பில் சிரிப்பார். "சிரித்து முடித்த பிறகுதான்கா பிடிக்கும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சொல்ல ஆள்தான் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நான் முதலில் தேடித் தருவது வாரத்தில் ஒரு மணி நேரமும் கேட்க ஒருவரையும்தான். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1767 என்ற எண்ணையும் எழுதிக் கொடுப்பேன். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 24 மணி நேர எண் அது.

ரெப்ரெஷன் என்ற சொல்லை என் குறிப்பேட்டில் அரிதாகவே எழுதுகிறேன். அறைக்குள் இரண்டையும் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி எளியது: "உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?" அடக்கி வைத்திருப்பவர் சற்று நிறுத்தி, "தெரியும், இப்போது வேண்டாம்" என்பார். மற்றவர் உண்மையாகவே விழிப்பார். அந்த விழிப்பும் ஆதாரம் ஆகாது. என்மீது நம்பிக்கை வராதவரும் அப்படித்தான் விழிப்பார். மனம் அறியாமலே ஒரு நினைவை முழுதாக மூடி வைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

அதனால் யாராவது உங்களிடம் "நீங்கள் எதையோ புதைத்து வைத்திருக்கிறீர்கள், தோண்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை 24 பேருக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். தோண்டுகிறவர் கையோடு கொண்டுவந்ததையே குழிக்குள் போட்டு எடுத்துக் காட்டவும் முடியும் என்பதுதான் என் பயம்.

இரண்டாவது சந்திப்பில் அம்மாவுக்கும் மகளுக்கும் இந்த இரண்டு அடக்கத்தையும் பிரித்துச் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் நான் புதைக்கவில்லை மிஸ், மூடி போட்டு வைத்திருக்கிறேன்."

"எப்போம்மா திறப்பீங்க?" என்றார் மகள். அறைக்குள் அவர் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது.

"சனிக்கிழமை கடை இல்லை."

மூன்றாவது சந்திப்பு ஒரு சனிக்கிழமைக்குக் குறித்திருந்தது. அன்று காலை மகள் அதை ரத்து செய்தார். அப்பாவின் அலமாரியைத் திறந்திருக்கிறோம், முடிய நேரமாகும் போலிருக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்.