ஃப்ளூ ஊசி ஏன் வருஷா வருஷம்?

"தட்டம்மைக்குச் சின்ன வயதில் இரண்டு தவணை போட்டதோடு சரி. ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் ஆண்டுதோறும் கையை நீட்டச் சொல்கிறார்கள்? இதெல்லாம் வியாபாரமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். வியாபாரமே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. இந்த வைரஸின் தலையில்தான் கோளாறு இருக்கிறது.

இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். உள்ளே மரபுச் செய்தியைச் சுமக்கும் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ., வெளியே முள்முள்ளாக இரண்டு புரதங்கள். ஹீமாக்ளூட்டினின் என்ற முள், நம் சுவாசப் பாதைச் செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. நியூராமினிடேஸ் என்ற இன்னொன்று, புதிதாகப் பிறந்த வைரஸ்கள் வெளியேறும்போது அதே சர்க்கரையை வெட்டி அவற்றை விடுவிக்கிறது. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை இந்தக் கத்தரியைத்தான் மழுங்கடிக்கிறது. வைரஸ் பரவி முடிந்த பிறகு கத்தரியைப் பிடுங்கிப் பயனில்லை. அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக் இந்த இரண்டு முள்ளையும் தொடவே தொடாது.

ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் இல்லை. தட்டம்மை வைரஸுக்கும் இதே குறைதான். ஆனால் அதன் மேற்புரதம் கொஞ்சம் மாறினாலும் செல்லுக்குள் நுழைய முடியாமல் போய்விடுகிறது. 1954இல் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவான தட்டம்மைத் தடுப்பூசி இன்றும் வேலை செய்வது இதனால்தான். ஹீமாக்ளூட்டினினின் தலை அப்படியல்ல, எப்படி மாற்றினாலும் ஈடுகொடுக்கும். வைரஸைத் தடுக்க நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் வந்து உட்காரும் இடத்தில் ஓரிரு அமினோ அமிலம் மாறினால் போதும், போன வருஷத்து எதிர்ப்பொருள் வழுக்கிவிடும்.

இந்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் இன்று மலிந்துவிட்டன. ஆனாலும் 1940களில் பிறந்த ஒரு சோதனை இன்னும் ஓய்வு பெறவில்லை. 1941இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஜார்ஜ் ஹர்ஸ்ட் ஒன்றைக் கவனித்தார்: ஃப்ளூ வைரஸைக் கோழியின் ரத்தச் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பணுவின் மேலும் சியாலிக் அமிலம் இருக்கிறதல்லவா, ஒரே வைரஸ் பல அணுக்களைப் பிடித்து வலை பின்னிவிடுகிறது. ஹீமாக்ளூட்டினினுக்கு, அதாவது ரத்த அணுக்களை ஒட்டவைப்பதற்கு, பெயர் வந்ததே இப்படித்தான்.

சோதனைக்கு 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு வேண்டும். குழியின் அடி கூம்பாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட வைரஸால் தொற்றிய ஃபெரட் என்ற சிறு விலங்கின் சீரத்தை (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய பின் மிஞ்சும், எதிர்ப்பொருள் உள்ள திரவம்) 1:10, 1:20, 1:40 என்று வரிசையாகப் பாதிபாதியாக நீர்க்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குழியிலும் 25 மைக்ரோலிட்டர் சீரம், அதே அளவு வைரஸ். 15 நிமிடம் கழித்து வான்கோழிச் சிவப்பணு 0.5 சதவீதக் கரைசலாக 50 மைக்ரோலிட்டர். பிறகு அரைமணி நேரம் தட்டை அசைக்கக் கூடாது.

எதிர்ப்பொருள் வைரஸின் தலையை மூடியிருந்தால், பிடிமானம் இல்லாத அணுக்கள் உருண்டு கூம்பின் அடியில் சின்னச் சிவப்புப் பொட்டாகச் சேரும். மூடாவிட்டால் வலை பின்னிக் குழி முழுவதும் இளஞ்சிவப்பாகப் பரவி நிற்கும். சந்தேகம் வந்தால் தட்டைச் சாய்த்துப் பார்ப்பார்கள்: உண்மையான பொட்டு கண்ணீர்த் துளிபோல வழியும், வலை அசையாது. பழைய வைரஸை 1:1280 வரை தடுத்த சீரம், புது வைரஸை 1:160 வரைதான் தடுக்கிறது என்றால் எட்டு மடங்கு வீழ்ச்சி. ஊசியில் உள்ள வைரஸை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது.

சறுக்கும் இடமும் உண்டு. சீரத்தில் இயல்பாகவே சியாலிக் அமிலம் ஒட்டிய புரதங்கள் மிதக்கின்றன. அவை வைரஸைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பொருளே இல்லாத சீரத்திலும் பொய்ப் பொட்டைக் காட்டும். அதனால் சீரத்தை முதல் நாளே காலரா பாக்டீரியாவிலிருந்து எடுத்த, அந்தச் சர்க்கரையை வெட்டும் நொதியோடு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, பிறகு 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி அந்த நொதியை முடக்குகிறார்கள். ஃப்ளூவின் முகத்தைப் பார்க்கக் காலராவின் உதவி!

உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு 1952 முதல் இந்த வேலையைச் செய்கிறது. வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்துக்கான வைரஸ்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகதா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படாததால், நான்கு வைரஸ்களுக்கான ஊசி மறுபடியும் மூன்று வைரஸ்களுக்கானது ஆனது. சளியெடுத்து, வளர்த்து, பொட்டு எண்ணும் இந்த வேலையில் புகழ் கிடைக்காது. நிதி வெட்டும்போது முதலில் கை வைப்பதும் இங்கேதான். இதைவிட அசட்டுச் சிக்கனம் இல்லை என்பேன்.

தேர்வு முடிந்து ஊசி வர ஏறத்தாழ ஆறு மாதம். வைரஸ் அதுவரை காத்திருக்காது. 2014இல் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை அந்த இடைவெளியில் மாறிவிட்டது, அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் ஊசியின் பலன் 19 சதவீதமாகச் சரிந்தது. நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரிடம் ஓடவைக்கும் ஃப்ளூவின் ஆபத்து 40 முதல் 60 சதவீதம் குறைகிறது.

இன்னொரு தலைவலி முட்டை. பெரும்பாலான ஊசிகளுக்கான வைரஸ் இன்னமும் 10, 11 நாள் கரு வளர்ந்த கோழிமுட்டையில்தான் வளர்கிறது. பறவைச் செல்லில் சியாலிக் அமிலம் இணைந்திருக்கும் விதம் வேறு. அதைப் பிடிக்கப் பழகும் வைரஸ் தன் தலையையே திருத்திக்கொள்கிறது. மனிதரிடம் சுற்றுவது ஒரு முகம், முட்டையிலிருந்து வருவது சற்றே வேறு முகம். செல் வளர்ப்பில் செய்யும் ஊசிகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஊசி 0.5 மில்லிலிட்டர். ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமாக்ளூட்டினின், முதியோருக்கான அதிவீரிய ஊசியில் 60. உள்ளே உயிருள்ள வைரஸ் இல்லை, ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. கைவலியும் ஓரிரு நாள் உடம்புச் சூடும் வரலாம். எதிர்ப்பொருள் தயாராக இரண்டு வாரம் ஆகும், அதற்குள் தொற்றினால் பழி ஊசியின் மேல் விழுந்துவிடுகிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனதை உருக்கிப் போடக் கூடாது, குப்பைக்குத்தான்.

ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஆறு மாதத்துக்குக் கீழ் ஊசியே கிடையாது. அந்தக் குழந்தைக்கு வழி ஒன்று உண்டு: கருவுற்றிருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால், அவளுடைய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேரும்.