ஜிப்ஸியின் ஸ்டீயரிங் ஏன் உதறுகிறது?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் பழைய மாருதி ஜிப்ஸி இருக்கிறது. ஓ.எம்.ஆரில் அறுபதில் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பாலத்து இணைப்பிலோ பள்ளத்திலோ முன்சக்கரம் ஏறி இறங்கிவிட்டால் போதும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி உதறுகிறது. நாற்பதுக்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஸ்டீயரிங் டேம்பரும் புதிது. இன்னும் என்னதான் பாக்கி?”

கிங்பின் பேரிங் பாக்கி. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் கேள்விக்குள்ளேயே துப்பு இருக்கிறது. பேலன்சிங் கோளாறு என்றால் குறிப்பிட்ட வேகம் வந்ததுமே ஆட்டம் தொடங்கும், பள்ளத்துக்காகக் காத்திருக்காது. இங்கே சும்மா போனால் அமைதி, ஒரு குத்து வாங்கினால் உதறல், பிறகு தானாக நிற்பதில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்கு அழகான இயற்பியல் காரணம் ஒன்று உண்டு.

முதலில் அமைப்பு. ஜிப்ஸிக்கு முன்பக்கமும் ஒரே நீள ஆக்ஸில், அதன் கீழே லீஃப் ஸ்பிரிங். ஆக்ஸிலின் இரு முனையிலும் உருண்டையான ஒரு கூடு. அதைக் கவ்விக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். நக்கிளை மேலும் கீழும் கிங்பின் என்ற குட்டை அச்சு ஒவ்வொன்று பிடித்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப்பர் ரோலர் பேரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் சுழல்வது இந்த இரண்டு பேரிங்குகளின் மேல்தான். ஜிம்னியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. இன்றைய மஹிந்திரா தார் இந்தக் கணக்கில் வராது, அதில் முன்சக்கரங்கள் தனித்தனி. இன்னொரு விஷயம்: இப்படிப்பட்ட ஒரே ஆக்ஸில் வண்டியில் அலைன்மென்ட் கடைக்காரர் மாற்றக்கூடியது டோ ஒன்றைத்தான், அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை. காம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரும் (கிங்பின் அச்சின் முன்பின் சாய்வு) ஆக்ஸிலோடு பிறந்தவை. எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் கிங்பினை அந்த மிஷின் தொடுவதே இல்லை.

இனி உதறலுக்கு வருவோம். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு பக்கமும் பிடித்து, வேகமாகச் சுழற்றிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்த திசையில் போகாமல் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் படித்த கைரோஸ்கோப் விளைவு இது. ஒரே ஆக்ஸிலில் இரண்டு சக்கரங்கள் சுழலும்போது ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முழுவதும் சாய்கிறது. உடனே இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பத் துடிக்கின்றன.

எவ்வளவு பலமாக? ஒரு தோராயக் கணக்கு. 205/70 ஆர்15 டயரின் ஆரம் ஏறக்குறைய 0.33 மீட்டர். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 சுற்றுக்கு மேல் சுற்றும். டயர், ரிம், டிஸ்க் எல்லாம் சேர்த்து சுழல் நிலைமம் 1.3 கி.கி.மீ² என்று வைத்தால், கோண உந்தம் சுமார் 75. ஒரு பக்கச் சக்கரம் 5 செ.மீ. மேட்டில் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஏறினால், 1.3 மீட்டர் அகல ஆக்ஸில் நொடிக்கு 0.77 ரேடியன் வீதம் சாயும். இரண்டையும் பெருக்கினால் ஒரு சக்கரத்துக்கு 58 நியூட்டன் மீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 115. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரங்களுக்குக் கிடைக்கும் முறுக்கு இது. சக்கரம் திரும்பியதும் அந்தத் திருப்பமே மறுபடி ஆக்ஸிலைச் சாய்க்கப் பார்க்கிறது. சாய்வு திருப்பத்தை உண்டாக்க, திருப்பம் சாய்வை உண்டாக்க, மாறி மாறி நடக்கிறது.

ஒரு காலத்தில் கார்களையும் இது படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1934 மாடல் கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரித்ததற்குச் சொகுசோடு இந்த உதறலும் ஒரு காரணம். அந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர். காட்டுக்கும் மலைக்கும் போகிற வண்டிகள் மட்டும் ஒரே ஆக்ஸிலை விடவில்லை. ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மறு சக்கரம் தரையோடு அழுந்தி நிற்கும் என்பதால்.

சரி, ஒரு குத்துக்குப் பிறகு ஆட்டம் ஏன் அடங்கவில்லை? டயர்தான் காரணம். ரப்பர் வளைந்து கொடுத்த பிறகுதான் பக்கவாட்டு விசை பிறக்கும். அதற்கு டயர் சிறிது தூரம் உருண்டாக வேண்டும். எனவே சக்கரத்தை நேராக்கும் விசை எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே வருகிறது. வேகமாக ஆடும் சக்கரத்துக்கு அந்தத் தாமதம் வினையாகிறது. திரும்பி வரும் ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளிவிடுவதுபோல, நிறுத்த வேண்டிய விசை ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. அந்த ஆற்றல் எல்லாம் எஞ்சினிடமிருந்தும் வண்டியின் ஓட்டத்திலிருந்தும் வருவதுதான்.

இங்கேதான் கிங்பின் பேரிங் உள்ளே வருகிறது. இந்தப் பேரிங்கைத் தளர்வாக விடாமல் கொஞ்சம் இறுக்கியே பொருத்துவார்கள். பிரீலோடு என்பது இதுதான். அதில் உராய்வு உண்டு, மிகச் சிறியது, இரண்டு மூன்று நியூட்டன் மீட்டர்தான். 115க்கு முன் இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி. உராய்வு ஒரு ஆட்டத்தில் விழுங்கும் ஆற்றல், ஆட்டத்தின் அளவுக்கு நேர் விகிதம். டயர் ஊட்டும் ஆற்றலோ ஆட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். புரிவதற்காகச் சில கற்பனை எண்கள்: ஆட்டம் 1 டிகிரி என்றால் உராய்வு 4 பங்கு விழுங்கும், டயர் 1 பங்கு ஊட்டும். ஆட்டம் செத்துவிடும். 3 டிகிரியில் 12க்கு 9, அப்போதும் உராய்வுக்கே வெற்றி. 4 டிகிரியில் 16க்கு 16. 5 டிகிரியில் 20க்கு 25, இனி ஆட்டம் தானாக வளரும், டயர் தரையில் வழுக்கத் தொடங்கும்வரை. ஆக ஒரு வாசல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் எந்த ஆட்டமும் அணைந்துவிடும், தாண்டியது அணையாது. பேரிங் தேய்ந்து உராய்வு கால் பங்காகிவிட்டால்? வாசல் 4 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்கு இறங்கிவிடும். நேற்றுவரை ஒன்றும் செய்யாத அதே பாலத்து இணைப்பு இன்றைக்கு வண்டியை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் ஊட்டம் குறையும், உராய்வு மறுபடி ஜெயிக்கும். வாசகரின் நாற்பது கி.மீ. அதுதான்.

புது டேம்பர் ஏன் உதவவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. ஆட்டத்தை அமுக்கும் டேம்பர் ஸ்டீயரிங் ராடோடு பொருத்தியிருக்கிறது. லூசு இருப்பது ஆக்ஸிலுக்கும் நக்கிளுக்கும் நடுவே. அந்த இடைவெளிக்குள் சக்கரம் தலையாட்டினால் டேம்பருக்குத் தெரியவே தெரியாது.

பேரிங் ஏன் கெடுகிறது? வழக்கமான பேரிங் முழுச் சுற்று சுற்றும், கிரீஸ் எல்லா இடமும் போகும். கிங்பின் பேரிங்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நேர் ரோட்டில் ஒன்றிரண்டு டிகிரி அசைந்துகொண்டு அதே இடத்திலேயே அடி வாங்குகிறது. ரோலருக்கும் அது உருளும் வளையமான ரேஸுக்கும் நடுவிலிருந்த கிரீஸ் பிதுங்கி ஓடிவிடும். கழற்றிய ரேஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ரோலர்கள் நின்ற இடமெல்லாம் சம இடைவெளியில் கோடு கோடாகப் பள்ளம் தெரியும், சில சமயம் செந்தூள் படிந்திருக்கும். ஸ்டீயரிங் நடுவில் ‘டக்’கென்று உட்காருகிற உணர்வு இந்தப் பள்ளங்களால்தான்.

நம்மூரில் கூடுதலாக மழைத் தண்ணீர். டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் முட்டியளவு தண்ணீரில் வண்டியை இறக்கினால், ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் இன்னும் மோசம். இதைத் தடுக்க பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதைவிட, பத்து நிமிடம் செலவழித்து பிரீதரை ஊதிச் சுத்தம் செய்வது மேல்.

சோதனை எளிது. முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி உலுக்குங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். ஸ்டீயரிங் ராடின் முனை மூட்டான டை ராடு எண்டைச் சோதிக்க வண்டி தரையில் நிற்க வேண்டும், ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக அசைக்க, இன்னொருவர் ஜாயின்ட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பது நல்ல மெக்கானிக்குக்கு ஒரு பக்கத்துக்கு அரைநாள் வேலை. காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. டை ராடு எண்டின் மரையில் சுத்தியல் படவே கூடாது, புல்லர் போடுங்கள். ஆக்ஸில் ஷாஃப்டை நேராக உருவுங்கள், சாய்த்து இழுத்தால் உள் சீலைக் கிழித்துவிடும். அந்தச் சீல் கிழிந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, வெளியே வழிந்து பிரேக் டிஸ்க்கில் படும். கிங்பின்னுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மேல், கீழ், இடம், வலம் எனக் குறித்துத் தனித்தனியாக முடிந்து வையுங்கள். கீழ்க் கிங்பின்னைக் கழற்றும்போது அடியில் கை இருக்கட்டும், பேரிங் கீழே விழும்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவிக் காயவைத்த பிறகு பழைய ரேஸைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள். பேரிங்கும் ரேஸும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ரேஸைப் பழையதாக விட்டு ரோலரை மட்டும் மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் போடுவது. சென்னை ஜி.பி. ரோட்டில் புதியதாக, பெட்டியோடு வாங்குங்கள். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை பல சாமான்களுக்கு நல்ல இடம், பேரிங்குக்கு அல்ல.

ஷிம் வைத்து அளப்பது இந்த வேலையின் உயிர். வெளி ஆயில் சீலைப் போடாமல், கிங்பின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முறையாக முடுக்கிய பிறகு, டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து, அந்தத் துளை இருக்கும் நக்கிள் ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் முள் 1 முதல் 1.8 கிலோவுக்குள் நிற்க வேண்டும். பழைய பேப்பர் கடைத் தராசு ஆகாது, 5 கிலோ அளவுள்ளது வேண்டும். லேசாக இழுபட்டால் 0.1 மி.மீ. ஷிம் ஒன்றை எடுங்கள், கனமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். “கையால் பார்த்தாலே தெரியும் சார்” என்பவரிடம் தராசை நீட்டுங்கள். சீல் போட்ட பிறகு அதன் உராய்வும் சேர்ந்துகொண்டு பேரிங்கின் லூசை மறைத்துவிடும். நிறைய வண்டிகளில் வேலை வீணாவது இந்த இடத்தில்தான். கடைசியாக நக்கிள் உருண்டைக்குள் மாலிப்டினம் கலந்த கிரீஸ், முக்கால் பங்குக்கு மிகாமல்.

அதே கையோடு லீஃப் ஸ்பிரிங் புஷ்ஷையும் பாருங்கள். புஷ் மாற்றினால், ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும். தூக்கிவைத்தே முடுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். உயரத்துக்காக முன் ஷாக்கிளை நீளமாக்கியவர்களுக்குக் காஸ்டர் குறைந்திருக்கும். அது தனிப் பஞ்சாயத்து.

டயரின் அந்தத் தாமதம் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி, காற்றழுத்தத்துக்குக் காற்றழுத்தம் மாறும். வாங்குகிற நமக்கு அந்த எண் கிடைப்பதில்லை. ஒரகடத்தில் வரிப்பணத்தில் கட்டிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே சந்தையில் உள்ள டயர்களை வாங்கி அளந்து முடிவுகளைப் பொதுவில் வைக்க ஒரு சிறு தொகை ஒதுக்கினால் மெக்கானிக்குகளும் மாணவர்களும் பயன்படுத்துவார்கள் என்பது என் கட்சி.

வேலை முடியும்வரை, உதறல் வந்தால் ஸ்டீயரிங்கை உறுதியாக, ஆனால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள், ஓங்கி மிதிக்க வேண்டாம். வேலை முடிந்த பிறகு 500 கி.மீ. ஓடியதும் கிங்பின் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். புது ரேஸ் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.